பத்துக்கு எத்தனை

நீச்சல் சங்கத்துச் செயலாளர் ஓர்னெல்லா
போனில் கேட்கிறாள்:
வெளியே செய்ததையெல்லாம் வீட்டுக்குள் செய்தாயே,
ஈடானதா?
பத்துக்கு எத்தனை போடுவாய், நேவியா?

இரு, அடுப்பில் பால் இருக்கிறது.

மார்ச்சில் த்ரியெஸ்தேயின் கடலைப் பூட்டினார்கள்.
கடலைப் பூட்ட முடியுமா என்று சிரித்தேன்.
பார்கோலா கரையில் சிவப்பு நாடா கட்டி
ஒரு போலீஸ்காரனை நிறுத்தினால்
பூட்டிவிடலாம்.
இருபத்தாறு வருடம்,
போரா காற்று அடித்த நாள் போக,
காலை ஆறுக்கு நான் இறங்கிய தண்ணீர்.
வாசலிலிருந்து இருநூறு மீட்டர் நடக்கலாமாம்.
கடல் ஆயிரத்து நானூறில் இருந்தது.

முதல் வாரம் குளியல் தொட்டி.
மிச்சமிருந்த பிரான் உப்பு ஒரு கிலோவையும் கொட்டினேன்,
எல்லை மூடிவிட்டார்கள், இனி வராது என்று தெரிந்தே.
முழங்கால் மூழ்கினால் மார்பு தெரிந்தது,
மார்பு மூழ்கினால் முழங்கால்.
சூப்புக்குப் போட்ட கோழி மாதிரி கிடந்தேன்.
இதற்கு மதிப்பெண் கேட்காதே.

பிறகு சமையலறை ஸ்டூல்.
வயிற்றுக்கடியில் தலையணை,
மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு.
இடப்பக்கம் திரும்பினால் ஃப்ரிட்ஜ்,
வலப்பக்கம் வெங்காயக் கூடை.
தலையைத் தூக்கினால் ஜன்னலில்
இரண்டு கட்டடத்துக்கு நடுவே விரலகலக் கடல்.
அதை நோக்கித்தான் நீந்தினேன்.
ஒரு சாண்கூட நெருங்கவில்லை.
ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை,
ஒவ்வொரு உதைக்கும் தரையில் டக்.
ஆயிரம் டக். அப்புறம் காபி.

தோள்பட்டை நம்பிவிட்டது, ஓர்னெல்லா.
தண்ணீர் என்று சொன்னால் போதும் அதற்கு, பேதை.
தோல்தான் ஏமாறவில்லை.
பத்து டிகிரி நீர் விலாவைத் தொட்டதும்
தானாக வருமே ஒரு கெட்ட வார்த்தை,
அது ஐம்பத்தைந்து நாளும் வரவில்லை.
வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன்.
நாடகத்தில் வருவது போலிருந்தது.

பொய் சொல்லக் கூடாது, சிலது தேவலை.
ஸ்லோவேனிய மொழி வகுப்பைத் திரையிலேயே முடித்தேன்.
பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்,
வீட்டுச் செருப்போடு வேற்றுமை உருபு படிக்கலாம்.
அந்த மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையில்
இரண்டு பேருக்கென்றே ஓர் எண் உண்டு, இருமை.
ஒற்றை ஆளாய் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தேன்.

மீன் கடை சில்வானோவோடு போடும் சண்டைக்குத்தான்
வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை.
கண்ணாடி முன் நின்று மத்தி விலையைக் குறைக்கச் சொன்னேன்.
அவள் உடனே குறைத்துவிட்டாள்.

மே மாதம் நாடாவை அறுத்தார்கள்.
அன்றைக்கே இறங்கினேன்.
கெட்ட வார்த்தை வந்தது, முழுசாய்.
அலைக்கு என்னை ஞாபகமில்லை.
நல்லது, அதற்குத்தானே போவது.

நாலாம் நாள் மாடிப்படியில்
கீழ்வீட்டு ஸெரியால் வழிமறித்தார்.
ஒன்பது வருடமாய்
"காலை வணக்கம்" தாண்டாத வாய்.
உடம்பு சரியில்லையா உங்களுக்கு?
இல்லையே.
காலையில் சத்தம் காணோம்.

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.
படுத்தபடியே,
ஆயிரம் வந்ததும் எழுந்து சவரம் செய்வாராம்.
ஒருநாள் தொள்ளாயிரத்து அறுபதில் நின்றுபோச்சு,
அன்று முழுக்கப் பைஜாமாவோடு கிடந்தேன் என்றார்,
பாக்கி வைத்தவளிடம் கேட்பது போல.

ஆக, எழுதிக்கொள்.
நீச்சலுக்கு மூன்று.
மொழிக்கு எட்டு.
மீன் கடைக்குச் சுழியம்.
ஸ்டூலுக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை,
அதைக் காலியாக விடு.
குட்டைக் காலுக்கு அட்டை மடித்துச் செருக நினைத்திருந்தேன்.
செருகவில்லை.
கடலுக்குக் கிளம்புமுன், ஐந்தரைக்கு,
இப்போதும் ஒரு நூறு உதைக்கிறேன்.
கீழேயிருந்து துடைப்பக் கட்டையால்
இரண்டு தட்டு வருகிறது.
மீதித் தொள்ளாயிரத்தை
அவரே எண்ணிக்கொள்கிறார் போல.

ஐயோ, பால்.
வைக்கிறேன்.