எல் எழுத்திலிருந்து

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்
எல்-லில் தொடங்குகிறது.
அதற்கு முன்னால் இருப்பதெல்லாம்
சுபர்ணா மொண்டலுடையது.

மால்டாவிலிருந்து அப்பாவோடு வந்தவள்.
இருநூற்றாறில் நாற்பத்தொரு நாள்,
கேஸ் அடுப்பு வாடகை தனி.
காலி செய்த அன்று
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது
மூவாயிரம் கடினச் சொற்கள், செங்கல் கனம்.

சொல்லுக்குச் சொல் பென்சிலில் ஒரு டிக்,
ஓரத்தில் வங்காளியில் பொடி எழுத்து.
ஒரு பக்கத்தில் கடுகெண்ணெய் விரல்.
இன்னொன்றில் ஊசி மருந்து விலைகளின் கூட்டல்.
கூட்டல் தப்பு. நான் திருத்தவில்லை.
டிக் நின்றுபோனது லாக்கடெய்சிக்கலில்.
அடுத்தது லக்கானிக்: சொற்சிக்கனம்.
அன்று ராத்திரி ரிசப்ஷன் மேசையில்
பச்சை மையில்
அதற்கு டிக் போட்டவன் நான்.

எதற்கு என்று கேட்டால்
தோட்டப்பாளையத்து ராத்திரி நீளம்.
காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வருகிறவர்களுக்காக
யாராவது விழித்திருக்க வேண்டும்.
டீக்குக் காசு. சொல்லுக்குக் காசில்லை.

ஒரு ராத்திரிக்கு ஏழு.
மெலிஃப்ளுவஸ். நெபுலஸ். அப்ஃபஸ்கேட்.
மோட்டார் ஓடும் சத்தத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.
சூடோ என்பதற்கு முன்னால் ஒரு பி உண்டு,
மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி
சத்தமே காட்டாது.
முந்நூற்றிரண்டில் தங்கிய ராஞ்சிப் பையன்
சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தான்.

முதலாளிக்கு எழுதிய கடிதத்தில்
தொட்டித் தண்ணீரை நாக்‌ஷியஸ் என்றேன்.
"இன்னாய்யா தேசிங்கு, இது இன்னா வியாதி?"
மறுநாளே தொட்டி கழுவ ஆள் வந்தான்.

பிறகு பாலியேடிவ்.
புதுச்சொல் இல்லையே என்று தாண்டப் பார்த்தேன்.
ஜெராக்ஸ் எங்கே எடுக்கலாம் என்று
கவுன்டரில் விரித்துக் காட்டும் ஃபைல்களில் பார்த்ததுதான்.
அந்தச் சொல் உள்ளவர்கள்
அட்வான்சில் பாக்கி வாங்கிக்கொண்டு
சீக்கிரமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.
ஏதோ நல்ல வைத்தியம் போலிருக்கிறது
என்று நினைத்திருந்தேன்.
ஏழு வருஷம்.

நோயைத் தீர்க்காமல் நோவை மட்டும் குறைப்பது
என்று போட்டிருந்தது.
"சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று
இந்தியில் சொல்லி அனுப்பிய முகங்கள்
வரிசையாக வந்து கவுன்டரில் நின்றன.
இருநூற்றாறின் ஃபைலில் அது இருந்ததா?
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.
அன்று ஆறு சொல்தான்.

டபிள்யூ-வில் இருந்தேன், போன் வந்தது.
தாதா, ஒரு புத்தகம் அங்கே...
இருக்கு என்றேன்.
பிப்ரவரியில் பரீட்சையாம்.
கூரியர் செலவை அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.
கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.
எல்-லிலிருந்து டபிள்யூ வரை ஓடிப் பார்த்தேன்.
அவள் பாதியில் இருந்திருக்கலாம்.
கொஞ்ச நேரம் அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
ஓகே மேடம் என்றேன்.

இப்போது மணி நான்கு.
பழைய லெட்ஜரின் பின்பக்கங்களில்
ஏ-யிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அபேட்: தணிதல். காய்ச்சலுக்கும் புயலுக்கும் பொருந்தும்.
ஓரத்து வங்காளியையும்
படிக்கத் தெரியாமல், படம் வரைவது போல்.
பென்சில் என்றால் ரப்பர் போட்டு அழிக்கலாம்.
பச்சை மையை என்ன செய்வது?
எல்-லுக்கு அப்பால் யாரோ நடந்த தடம்
அவளுக்குத் தெரியத்தான் போகிறது.
பி-யில் ஒரு சொல்லுக்கு மட்டும் டிக் இல்லாததை
அசதி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம்.
மூன்று பைகள், ஒரு சக்கர நாற்காலி.
அறை இருக்கிறது என்கிறேன்.
கூரியர் கடை திறக்க ஒன்பதாகும்.
பி இன்னும் முடியவில்லை.