மூன்றாவது இடத்தில் காற்று

காலை ஏழு பத்துக்கு அழைப்பு.
புன்டா அரேனஸ் படகுத்துறை, பயணச்சீட்டு முகப்பு,
பெயர் ஒஃபேலியா பாரியென்டோஸ்.
"ராத்திரி அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் வந்து பார்த்தால் கீழே ஒன்றுமில்லை."

கீழே என்றால்?

"கீழேதான். பட்டை இருக்கிறது,
கழுவிக் கவிழ்த்த ஈயத்தட்டு மாதிரி.
ஓரத்தில் மணி மட்டும் ஓடுகிறது."

நான் சாந்தியாகோவில், நாலாவது மாடியில்,
ஆறிப்போன காப்பியோடு.
அவள் திரையை இங்கிருந்தே பார்க்க
ஒரு மென்பொருள் உண்டு.
அதைத் திறக்க ஓர் ஐகான் உண்டு.
அது இருந்ததும் அந்தப் பட்டையில்தான்.

ஆகவே வாய்வழி வைத்தியம்.

அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?
"மூன்று தரம். மூன்றாம் தரம் திட்டிக்கொண்டே."

அவள் எதிரே வரிசை நிற்கிறது, கேட்கிறது.
எவாரிஸ்தோ என்பவரின் லாரியில்
நூற்றிருபது ஆடுகள்,
எட்டரைப் படகில் பொர்வெனிர் போகவேண்டும்.
யாரோ கதவைத் திறக்கும்போதெல்லாம்
என் காதுக்குள் வந்து மோதுகிறது அங்கத்திய காற்று.

"அதைத்தான் பார்க்க முடியவில்லை" என்றாள்.
"பட்டையில் மூன்றாவது. சின்ன நீலக் கொடி.
தொட்டால் ஜலசந்தியில் எத்தனை நாட் என்று சொல்லும்.
நாற்பதைத் தாண்டினால் துறையை மூடுவார்கள்.
தெரியாமல் நான் சீட்டு கிழிக்க மாட்டேன்."

ஜன்னல் வழியே பாருங்களேன் என்று
சொல்ல வந்து விழுங்கினேன்.
அவளே சொன்னாள்: "ஜன்னல் முழுக்க உப்பு."

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப்.
"கடைசிக் கட்டையில் எழுத்தே தேய்ந்துபோயிற்று."
இடது மேல் மூலை.
"அடேயப்பா, இவ்வளவா!"
ஆமாம், எல்லாமே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது,
அச்சுப்பொறி, அஞ்சல், உங்கள் நீலக் கொடி.
முகம்தான் கழன்றுவிட்டது.
எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருக்கும்.
வலது சொடுக்கு. மறுதொடக்கம்.

"எல்லாம் கறுத்துவிட்டது."
பொறுங்கள்.
"மணியும் போய்விட்டது."
பொறுங்கள் என்றேன், எனக்கும் சேர்த்து.
ஓர் ஆடு இருமியது.
"வந்துவிட்டது" என்றாள். பிறகு,
"மணி வந்துவிட்டது."

அடுத்து அந்தக் கறுப்புச் சாளரம்.
எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், அடியுங்கள்.
"எதை அழிக்கிறேன்?"
ஐகான்களின் முகங்களை அது குறித்துவைத்திருக்கும் கோப்பை.
கெட்டுப்போயிருக்கிறது.
அழித்தால் தானே புதிதாய் எழுதிக்கொள்ளும்.
"எழுதாவிட்டால்?"
கையேட்டில் ஒன்பதாம் படி: கணக்கையே புதிதாகத் தொடங்கு.
அதை நான் சொல்லவில்லை.

"சாய்கோடு எந்தப் பக்கம் சாயும்?
எங்கள் ஊர் மரம் மாதிரியா?"
அங்கே மரமெல்லாம் கிழக்கே வளைந்திருக்கும்,
படத்தில் பார்த்திருக்கிறேன்.
இல்லை, உங்கள் மரத்துக்கு எதிர்ப்பக்கம்.
"காற்றை எதிர்த்தா? சரி."
ஒரு கட்டை தட்டும் ஓசை.

ஏழு ஐம்பத்திரண்டு.
"ஒன்று வருகிறது... இன்னொன்று...
அச்சுப்பொறி, அஞ்சல், கணக்குப்பொறி,
என்னவோ ஒரு ஆரஞ்சு, அது எப்போதும் இருந்தது,
எதற்கென்று தெரியாது."
கொடி?
"கடைசியில் நிற்கிறது."
சொடுக்கு.
"முப்பத்தெட்டு!"
அது எனக்குச் சொன்னதில்லை, வரிசைக்கு.
நன்றி சொல்ல அவளுக்கு நேரமில்லை.
லாரி உறுமுவது வரை கேட்டுவிட்டு வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே எண்.
"கோளாறு இல்லை.
விரல் பழக்கத்தில் மூன்றாவதற்கே போகிறது.
இப்போது அங்கே கணக்குப்பொறி.
திறந்து பெரிதாய் ஒரு பூஜ்யம் காட்டுகிறது.
இன்று காலை அதைப் பார்த்து
ஒரு நொடி நம்பிவிட்டேன்."

இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம்,
அரை நிமிட வேலை, சொல்லட்டுமா?

கதவை யாரோ திறந்தார்கள்.
அவள் சொன்னது காற்றில் சரியாகக் கேட்கவில்லை.
"இருக்கட்டும்" என்றுதான் நினைக்கிறேன்.