வெள்ளிக்கிழமை, பீரோவுக்கு அடியில்

புதுவயலில் காற்று சும்மா வராது.
கொஞ்சம் தவிடும்
கொதிகலன் புகைபோக்கியிலிருந்து
கொஞ்சம் உமிச்சாம்பலும் கொண்டுவரும்.
ஜன்னலைச் சாத்தினால் கதவு வழி,
கதவைச் சாத்தினால் என் சட்டை வழி.

மில் ஆபீசில் எதையும்
ஒரு மணி நேரம் தொடாமல் வைத்திருந்தால்
அதன்மேல் விரலால் பெயர் எழுதலாம்.
வள்ளிக்கண்ணு யாரையும் எழுத விட்டதில்லை.

காலை ஏழே காலுக்கு ஒரு கூட்டு,
லாரிகள் போனபின் மூன்று மணிக்கு இன்னொன்று.
திங்கட்கிழமை மின்விசிறி:
பழைய தலையணை உறையை
இறக்கைக்கு மாட்டி உருவுவாள்,
ஒரு பொட்டுத் தூசி மேசையில் சிந்தாது.
கீபோர்டுக்கென்று ஒரு பெயிண்ட் பிரஷ்,
அதை வேறு கை தொடக்கூடாது.
வெள்ளிக்கிழமை, பீரோவுக்கு அடியில்.
விளக்குமாறு நுழையாத உயரம்.
மரஸ்கேலில் ஈரத்துணி சுற்றி
குப்புறப் படுத்துச் சுவர்வரை விடுவாள்.
அது முடிந்துதான் சாமி படத்துக்குச் சாம்பிராணி.

ஒன்பது வருடமாக இது எனக்குத் தெரியும்.
தெரியும் என்றால்,
காலைத் தூக்குங்க என்றபோது
தூக்கியிருக்கிறேன். அவ்வளவுதான்.

மாசி மாதக் கணக்கில்
பதினோரு மூட்டை உதைத்தது.
பேராவூரணி லோடு.
முதலாளி சேவுகனைக் கூப்பிட்டார்,
மூட்டை இறக்கியது அவன்.
கோபப்படாமல்தான் கேட்டார்.
நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதையும்
கோபப்படாமல்தான் சொன்னார்.

மறுநாள் ராத்திரி
மாசக்கணக்கில் தண்ணீர் காணாத
என் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தாள் மனைவி.
பக்க அறையில் நாலாய் மடித்த எடைச்சீட்டு.
பதினோரு மூட்டை, ஈரம் அதிகம், திருப்பி அனுப்பியது.
கீழே என் கையெழுத்து.

சேவுகனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவேண்டும்.
எனக்குத் திட்டு கிடைக்கக்கூடாது.
இரண்டுக்கும் பொதுவாக ஒரு இடம் இருந்தது,
மூன்று விரல் உயரத்தில்.

செவ்வாய் சாயங்காலம் தள்ளிவிட்டேன்.
புதன் காலை பேனாவைக் கீழே போட்டுத் தேடினேன்.
"அட, இங்க பாருங்கண்ணே,
ஒரு மாசமா இதுக்கடியிலேயே கிடந்திருக்கு!"

முதலாளி இரண்டு தடவை படித்தார்.
சேவுகனுக்குப் போன் போடச் சொன்னார்.
அப்புறம் திரும்பி
வாளியோடு நின்றவளைக் கேட்டார்,
"அப்ப ஒரு மாசமா
இந்தப் பக்கம் துணியே போகலையா?"

இதை நான் யோசிக்கவில்லை.
சத்தியமாக, இதை மட்டும் யோசிக்கவில்லை.

வள்ளிக்கண்ணு வாளியை இறக்கினாள்.
படுத்தாள்.
வெறுங்கையைச் சுவர்வரை விட்டு இழுத்து
முதலாளி முகத்துக்கு நேரே விரித்தாள்.
விரல் நுனிகளில் லேசாகப் பழுப்பு.
"இது அஞ்சு நாள் தூசி.
வெள்ளிக்கெழமையிலேருந்து எண்ணிக்கங்க."
சீட்டை வாங்கி
நாலு மடிப்பையும் நிதானமாகத் தடவினாள்.
"இதுல ஒரு நாள் தூசிதான் இருக்கு."

என்னை அவள் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
இன்னொரு பொய் கிளம்பியிருக்கும்.
முதலாளிதான் பார்த்தார்.

பத்து மணிக்குச் சேவுகன் வந்தான்.
நானே சொன்னேன், பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்கி.
இரண்டு நாள் கூலியை என் கையால் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து வாங்கினான்,
அதில் தப்பு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை
சீக்கிரம் வந்து பீரோவைப் பிடித்து நகர்த்தப் போனேன்.
"ஆட்டாதீங்க. ஆத்தங்குடிக் கல்லு, கீறிரும்.
ஒங்க எடத்துல ஒக்காருங்க."
உட்கார்ந்தேன்.
"காலத் தூக்குங்க."
தூக்கினேன்.
இந்தத் தடவை குனிந்து பார்த்தேன்.
என் மேசைக்கடியில் இத்தனை காலமும்
ஒரு பச்சைப் பூ இருந்திருக்கிறது,
எட்டு இதழ், நடுவில் சிவப்பு.
துணி போய்வந்த ஈரம் காயுமுன்னே
அதன்மேல் கொஞ்சம் தவிடு.