பச்சைப் பொட்டலம்

நகம் வளர்வதை யாரும் கண்டதில்லை.
நொடிக்கு ஒரு நானோமீட்டர் என்று கணக்கு.
தைனானில் லியாவ் பெய்-ஷான் போடும் கோடு
பன்னிரண்டு நொடி நகம்.
விளம்பரத்தில் இரண்டு என்பார்கள்.
அது பெயர், அளவில்லை என்று விளக்குவாள்
யாராவது கேட்டால்.
யாரும் கேட்பதில்லை.

அதிகாலை மூன்று பதினாறுக்குத்
தரை ஒருமுறை புரண்டு படுத்தது.
ஊர் விழித்து, ஆடும் விளக்கைப் பார்த்து,
மறுபடி தூங்கிற்று.
மஞ்சள் அறைக்குள் எந்திரங்கள்
மூச்சைப் பிடித்து நின்றன.
மூன்று மாதமாய் எண்ணூறு படி ஏறிவந்த தகடுகள்
ஒரு கால் தூக்கியபடி
பாதிப் படியில்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள்.
கட்டுப்பாட்டுத் திரைக்கு மேல் பச்சைப் பொட்டலம்,
தேங்காய் வாசச் சோளப்பொரி.
அதன் பெயருக்கே ‘சமர்த்தாய் இரு’ என்று பொருள்.
பச்சைதான் வைக்கவேண்டும், மஞ்சள் ஆகாது,
பசித்தாலும் பிரிக்கக்கூடாது.
முனைவர் பட்டம் வாங்கிய பதினோரு பேர்
இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்,
சாய்ந்திருந்தால் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள்.
தேதி நேற்றோடு முடிந்திருந்தது.

எதிர்க்கடையில் ஒன்றே ஒன்று மிச்சம்.
அதுவும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் கையில்.
பால்மீன் குளம் அவருக்கு,
காற்றூதும் மோட்டார்மேல் வைக்க வேண்டுமாம்.
“நின்றால் இரண்டு மணி நேரம்தான்,
எல்லாம் வயிறு வெளுத்து மிதக்கும்.
உங்களுடையதைத் திரும்பச் செய்யலாம், இல்லையா?”
அந்த மோட்டாருக்குள்ளும் அரிசியளவு ஒரு சில்லு,
இப்போது யாரும் பேசாத பழைய தலைமுறை.
“செய்யலாம்” என்றாள்.
எத்தனை மாதம் என்று சொல்லவில்லை.

வேலிக்கப்பால் பாரந்தூக்கிகள்: அடுத்த கட்டடம்.
அதற்கடுத்ததற்குப் பலகை மட்டும்.
மாடிச் சுவர் முழுக்க வரைபடம்,
ஆண்டுகள் ஏற ஏற எண்கள் இறங்கும்:
இரண்டு, ஒன்று புள்ளி நான்கு, ஒன்று,
பிறகு புள்ளிக்கோடு,
யாரோ பென்சிலில் போட்ட கேள்விக்குறி.
சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்றவர்கள்
எவ்வளவு சிறுக என்று சொல்லிவைக்கவில்லை.
அந்த மூலையில் அணுக்களை எண்ணிவிடலாம்,
பட்டியில் ஆடு எண்ணுவதுபோல்;
ஒன்று குறைந்தாலும் தெரியும்.

அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு மேசைக்கு வந்து,
அணுவளவும் பொய் சொல்லாத கையால்
பேனாவை எடுத்தாள்.
பொட்டலத்தின் முதுகில் மாதம்: 3.
எட்டாக்க இடப்பக்கம் இரண்டு வளைவு போதும்.
அரை மில்லிமீட்டர் தடிமன்,
அன்றிரவு அவள் போட்டதிலேயே
பருமனான கோடு.

ஐந்தரைக்கு ஓர் எந்திரம் பச்சை காட்டிற்று.
மற்றவை இன்னும்
யோசித்துக்கொண்டிருந்தன.