இரண்டு அகராதி

ஹெர்செகோவினா, மாவட்ட நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்
இரண்டு மொழிகளுக்கு நடுவே.
இரண்டும் ஒன்றுதான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்,
எனக்குச் சம்பளம் தருகிறவர்களுக்கும்.

கூண்டில் ஸ்வோனிமிர், வயது பத்தொன்பது.
கேள்வி புரியவில்லையாம், தன் மொழியில் வேண்டுமாம்.
நீதிபதி ரொட்டியை ஹ்லியெப் என்றார்.
நான் க்ருஹ் என்கிறேன்.
இப்போது புரிகிறது, தலையசைக்கிறான்.

செத்துப்போன எம்சுத்தும் அதே பள்ளிக்கூடம்.
ஒரே கூரை, இரண்டு வாசல்,
ஆளுக்கொரு சரித்திரப் புத்தகம், முற்றத்தில் கம்பிவேலி.
பந்து வேலி தாண்டினால் எடுத்துக் கொடுக்க
கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருத்தி இருந்தாள்.
ஆலை மூடி ஊரில் காசு வற்றியதும்
அவளை நிறுத்திவிட்டார்கள்.
அப்புறம் பந்து போனால் போனதுதான்.
அப்புறம் கல் போனது.

"எனக்கு முன்னால் வரிசையில் நின்றான்.
அவன் ரொட்டி கேட்ட விதம் பிடிக்கவில்லை."
வாக்குமூலம், பக்கம் நான்கு.
அதையும் பெயர்த்தேன், ஒரு சொல் மாற்றி.

பின்வரிசையில் இரண்டு தாய்மார்.
ஒருத்தி தும்மினாள்.
மற்றவள் பழக்கதோஷத்தில்
'ஆயுசு நூறு' என்றுவிட்டு
உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
எவள் யாருடைய தாய் என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அரசு வழக்கறிஞர் உறையைப் பிரித்துக்
கத்தியை எடுக்கிறார்.
நோஜ், என்கிறார்.
வாயைத் திறந்த நான்
மூடிக்கொள்கிறேன்.
இரண்டு அகராதியிலும் அது நோஜ்தான்.

பையன் காதைச் சாய்த்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.