வாட்டம்

முதலில் கண்டுபிடித்தது போளைதான்.
மகன் கையிலிருந்து நழுவிக்
குளியலறைத் தரையில் விழுந்து
ஒரு கணம் யோசித்து
வாசல் தாண்டி உருண்டு
என் கட்டிலுக்குக் கீழே போய் நின்றது.

பிறகு தண்ணீர்.
மூன்று வாளி குளித்தால்
ஒரு வாளி எங்களோடு படுக்க வரும்.
அலுமாரியின் கால் ஊதியது.
அரிசி மூட்டையின் அடி கறுத்தது.
வாட்டம் என்றால் மேசன்மார் பேச்சில் சரிவு,
தண்ணீருக்கு வழி சொல்வது.
எங்கள் வீட்டில் அதற்கு மற்றக் கருத்து.

கிருபைராசா பாஸுக்கு ஒன்பது தரம் எடுத்தேன்.
"வாறன்கா, களுவாஞ்சிக்குடியில பிளேட் போடுறம்."
"வாறன்கா, மழை விடட்டும்."
"வாறன்."
கடைசியில் எடுத்தவன் கையாள் டிலுக்சன்:
"பாஸ் குளிக்கிறார்."
அவர் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ என்று
நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தவணை நாற்பத்தையாயிரம்
பால்மா டின்னுக்குள் இருந்தது.
அவர் காசைக் கேட்டார், நான் தரையைக் கேட்டேன்.
ஒருநாள் படலையில் நின்று அவர் கத்தியது
எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.
நான் கத்தியது பெரியகல்லாற்றின் வாவிக்கரை வரைக்கும்
கேட்டிருக்கும்.

மத்தியஸ்த சபை ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில்.
இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கதிரைகள்.
முழங்கால் நாடியில் முட்ட நான்.
எதிரே, மடிக்க மடிக்க மடங்காத
ஏணி மாதிரி அவர்.
கரும்பலகையில் அழிக்காமல் விட்ட கழித்தல் கணக்கு:
பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கியிருந்தார்கள்.

நொத்தாரிசு ஐயா ஒப்பந்தம் கேட்டார்.
கொப்பித் தாள் ஒன்றை நீட்டினேன்.
முன்பக்கம் சீமெந்துக் கணக்கு,
பின்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு.
அவர் இரண்டையும் வாசித்தார்.

தையல் டீச்சர் மட்டும்
கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"பிள்ள, கதவு முதல்ல எங்க இருந்த?"

நான் கூரையைப் பார்த்தேன்.

விறாந்தைப் பக்கம் இருந்தது.
தரை காய்ந்த மூன்றாம் நாள்
கட்டாரிலிருந்து என் வீட்டுக்காரர்
குரல் பதிவொன்று அனுப்பினார்:
சாமி அறைக்கு நேரே வேணாம், மாத்து.
தண்ணி போகும் ஓட்டை இருந்த மூலைக்குக் கதவு வந்தது.
ஓட்டை எதிர் மூலைக்குப் போனது.
தரை மட்டும் பழைய ஞாபகத்திலேயே கிடந்தது.

"கொத்திப் போட்டுத் திருப்பி வாட்டம் வைக்கோணும் எண்டு
சொன்னனான் டீச்சர்."
"தைக்கு முன்ன குடிபூரணும், அதெல்லாம் வேணாம்"
என்றது யார்?
நான்தான்.
பதினெட்டு மாதமாக என் கதையில்
நான் விட்டுவிட்டுச் சொன்ன வரி அது.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.
"பிழை எண்டு தெரிஞ்சுதான் ஓடு பதிச்ச நீங்களா?"
பாஸ் தன் கைகளைப் பார்த்தார்.
சீமெந்து தின்ற நகங்கள்.
"ஓம்."

அந்த ஓமைக் கேட்கத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.
வந்தபோது
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கூலி அவருடையது. சீமெந்தும் ஓடும் என்னுடையவை.
பாதிக் காசு கொத்தும் நாளில்,
மீதி தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு.
நொத்தாரிசு எழுதினார்.
ஒரே பேனையால்
குட்டி மேசையில் குனிந்து ஒப்பமிட்டோம்.

புதன்கிழமை வந்தார்.
இரண்டு நாள் வீடு முழுக்கத் தூசி.
குழாயில் தண்ணீர் நிரப்பி, நூல் பிடித்து,
டிலுக்சன் வைத்த இடத்தையெல்லாம்
அவர் திரும்பவும் வைத்தார்.
ஓடு இறுகியதும் மகனைக் கூப்பிட்டார்:
"மனே, அந்தப் போளையக் கொண்டா."

வாசலிலிருந்து விட்டார்.
அது யோசிக்கவில்லை.
நேரே போய், ஓட்டையின் வலையில்
டிக் என்று நின்றது.

டின்னைத் திறந்தேன்.
எண்ணினார்.
தேத்தண்ணி குடிக்கவில்லை.
கோபமா, அடுத்த வீட்டு வேலையா,
நானும் கேட்கவில்லை.

இப்போது தண்ணீர் வெளியேதான் போகிறது.
வாளி வைக்கும் மூலையில் மட்டும்
உள்ளங்கை அளவு தங்கி நிற்கும்.
உடன்படிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.
குளித்து முடித்ததும்
காலால் தள்ளிவிடுகிறேன்.