மூன்றுக்கு மேல், ஐந்துக்குக் கீழே

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்கு
நாலாவது மாடி கிடையாது.
சீனத்தில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசையாம்.
வீடு விற்கிறவனுக்கு எதற்கு வம்பு?
மூன்றுக்கு மேல் 3A என்று எழுதி
அடுத்து ஐந்துக்குத் தாவிவிட்டான்.

தள்ளிவிட்ட நாலு எங்கே போயிருக்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
நானாவது கேட்டிருக்க வேண்டும்.
லிஃப்ட் மெக்கானிக்,
பதினொரு வருடமாக அந்தக் குழிக்குள் தொங்குகிறவன்.

முன்பு இங்கே ரயில்வே குடியிருப்பு.
கடைசி வரிசைக்குப் பின்னால், சாக்கடையோரம்
எத்தப்பன் என்று ஒரு சாமி.
கல்கூட இல்லை, கவிழ்த்து வைத்த ஒரு மைலோ டின்.
சர்க்கரைப் பொங்கல் படைத்தால் உப்புக் கரிக்கும்.
போட்ட காணிக்கை
பக்கத்துச் சாமியின் உண்டியலில் கிடக்கும்.
லாட்டரிக்கு நம்பர் கேட்டுப் போனவர்களுக்கு
மூன்று எண்ணைத் துல்லியமாகச் சொல்லும்.
நாலாவதைச் சொல்லும்போது இருமும்.

புல்டோசர் வந்த வருடம்
மாரியம்மனுக்கு மாற்று இடம் கிடைத்தது,
முனியாண்டிக்கு நஷ்டஈடு.
பாரத்தோடு வந்த கிளார்க் கேட்டார்:
“எத்தனை சாமி?”
“எத்தன், சாமி” என்றார் என் மாமா.
“அதைத்தான் கேட்கிறேன், எத்தனை?”
“எத்தனைத்தான் சொல்கிறேன்.”
மத்தியானம் முழுக்க இப்படியே போனது.
கட்டம் காலியாகவே இருந்தது.
மறுநாள் டின்னைக் காணோம்.

ஆலோங்கிடம் மூவாயிரம் வாங்கினேன்.
எதற்கென்று சொல்லமாட்டேன்.
ஆறு மாதத்தில் அது பதினோராயிரம்.
முதலில் போன் வந்தது.
பிறகு வாட்ஸ்அப்பில்
என் மகள் படிக்கும் பள்ளியின் வாசல்.
பிறகு ஒரு வியாழக்கிழமை, இரவு இரண்டேகால்,
சிவப்புச் சாயவாளியோடு மூன்று பேர்.
முகவரி நான் எழுதிக் கொடுத்ததுதான்,
அன்றைய பதற்றத்தில்:
பி பிளாக், நாலாம் மாடி, ஏழு.

கேமராவில் பிறகு பார்த்தேன்.
மூவரும் பொத்தான்களைத் தடவித் தேடுகிறார்கள்.
மூலையில் நாலாவதாக ஒருவன்,
பச்சைச் சட்டை, ஹெல்மெட்,
யாரோ ஆர்டர் செய்த நாசி லெமாக்கைப் பிரித்துத்
தின்றுகொண்டிருக்கிறான்.
அவன் ஏறியது பதிவாகவில்லை.
3A தாண்டியதும் முழங்கையால்
சுவரை ஓர் இடி இடிக்கிறான்.
நான் பதினொரு வருடமாகத் துடைத்த
வெறும் சிமெண்ட் அது.
கதவு திறக்கிறது.

அங்கே எங்கள் நடைபாதை.
ருக்குமணி வீட்டுக் கால் உடைந்த ஷூ ரேக்,
தியோ வீட்டு வாசலில் ஊதுவத்திச் சாம்பல்,
என் கதவு,
அதில் மகள் ஒட்டிய பூனை.
மீசை மட்டும் கண்ணுக்கு மேலே முளைத்திருந்தது.

ஊற்றினார்கள். சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.
வேலைக்கு அத்தாட்சியாகப் படம் எடுத்தார்கள்.
திருப்தியாக லிஃப்டில் ஏறினார்கள்.
இறங்கியதைத்தான் எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.
அவர்களுடைய கார் இன்னும் பார்க்கிங்கில் நிற்கிறது.
சக்கரத்துக்கு மேனேஜ்மெண்ட் பூட்டுப் போட்டிருக்கிறது.

காலையில் என் கதவில் ஒரு பொட்டுச் சாயம் இல்லை.
மிதியடியில் மைலோ டின், கவிழ்ந்தபடி.

அன்றிலிருந்து நாலு என்னிடம் தங்குவதில்லை.
இரண்டாயிரத்து நானூறு சம்பளத்தில்
நானூறு வீடு வந்து சேர்வதில்லை.
நாலு மணிக்கு வைத்த அலாரம்
ஐந்துக்கு அடித்துவிட்டு என்னையே குறை சொல்கிறது.
என் விரல்களைத் தொட்டு எண்ணுகிற மகள்
மோதிர விரலைத் தாண்டி
ஐந்து என்கிறாள், சந்தேகமே இல்லாமல்.

நேற்று ராத்திரி குழிக்குள் இறங்கினேன்.
டார்ச்சை அணைத்தேன்.
கயிறு மெல்ல ஆடியது.
உப்புப் போட்ட பொங்கலே கொண்டுபோயிருந்தேன்,
அவனுக்குத் தித்திக்கட்டும் என்று.

“கடன் அடைந்துவிட்டதா?
இன்னும் எத்தனை?” என்று கேட்டேன்.

மேலே, மாடி இல்லாத இடத்தில்
யாரோ இருமினார்கள்.